பழைய காரும் பழைய வாயுவும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. நண்பகல் வேளையில் கண்ணாடிகள் மூடப்பட்ட இரும்புக் கூட்டினுள் அமர்ந்து பிரயாணஞ் செய்பவருக்கு அந்த அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவிற் செய்யப்பட்ட பெரிய மோட்டார்க் கார்கள் பலவற்றில் இத்துன்பத்துக்குப் பரிகாரமாகக் குளிர்சாதனம் பொருத்தப்பட்டிருந்தது. அக்கார்கள் இன்று அரும்பொருட்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் நிறத்தைப் புதுப்பிக்கலாம். ஆசனங்களுக்குப் புதுத்தோல் போடலாம். இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவாக்கி மீண்டும் பூட்டலாம். ஆனால் குளிர்சாதனம் பழுதடையும்போது மட்டும் திருத்துவோர் முன்னே ஒரு சிக்கல் வந்து நிற்கின்றது. அச்சாதனம் எந்த வாயுவை நம்பிச் செய்யப்பட்டதோ, அந்த வாயு இன்று உலக நாடுகள் கூடித் தடைசெய்த பொருளாகிவிட்டது.

ஒரு காலத்தில் அதனினும் நல்ல வாயு இல்லையென்று புகழப்பட்ட பொருளே அது. புகழப்பட்டது எதனால், விலக்கப்பட்டது எதனால் என்பதை அறிந்தாலன்றி, இன்று ஒரு கராஜிலே நடைபெறும் அந்தச் சிறு திருத்தவேலையின் பொருள் விளங்காது.

குளிர் என்பது ஆக்கப்படும் ஒரு பொருளன்று. ஓரிடத்திலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து வேறோரிடத்திற் கொண்டுபோய் விடுவதே குளிரூட்டும் வித்தையாகும். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கின்றது. அதனால் உள்ளிருக்கும் நீர் தண்ணென்று இருக்கின்றது. குளிர்சாதனமும் இதனையே செய்கின்றது. வேறுபாடு ஒன்றுதான். பானையின் நீர் ஆவியாகிக் காற்றோடு கலந்து மறைகின்றது. குளிர்சாதனத்தினுள் இருக்கும் பொருளோ ஆவியானபின் மீண்டும் திரவமாக்கப்பட்டு, ஓயாது சுற்றிச் சுற்றி வேலை செய்கின்றது.

காரின் இயந்திரம் பெல்ற் ஒன்றினாற் கொம்பிரசரைச் சுழற்றும். கொம்பிரசர் ஆவியை நெருக்கி அதன் அமுக்கத்தைக் கூட்டும். ரேடியேற்றருக்கு முன்னே நிற்கும் கண்டென்சரில் அந்த ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகும். அத்திரவம் நுண்ணிய துவாரமுடைய வால்வு ஒன்றின் வழியாக அமுக்கம் குறைந்த குளிர்ச்சுருளுக்குட் பாய்ந்து, அங்கே ஆவியாகும். அவ்வாறு ஆவியாகும்போது சுருளைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். குளிர்ந்த காற்றை விசிறி பிரயாணிகள் பக்கம் தள்ளும். இவ்வளவே அதன் தத்துவம். ஆயினும் இத்தனையும் நடைபெறுவதற்கு, எளிதில் ஆவியாகி எளிதில் திரவமாகும் தகுந்த பொருள் ஒன்று வேண்டும்.

வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் பரவத் தொடங்கிய காலத்தில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகிய பொருட்களே இவ்வேலைக்குப் பயன்பட்டன. அவை யாவும் ஆபத்தானவை. ஒன்று மூச்சை அடைக்கும்; மற்றொன்று நஞ்சாகும்; பிறிதொன்று தீப்பற்றும். 1920களின் இறுதியில் சிக்காகோ நகரிலே குளிர்ப்பெட்டிகளிலிருந்து கசிந்த மெதயில் குளோரைட்டினால் மக்கள் உயிரிழந்தனர். உணவைக் காக்க வந்த பெட்டி உயிரைக் கொள்ளுமாயின் அதனை வீட்டில் வைத்திருக்க எவர் துணிவர்?

குளிர்ப்பெட்டிகளைச் செய்துவந்த பிரிஜிடெயர் என்னும் நிறுவனம் அக்காலத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் பெரிய மோட்டார் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தது. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் சார்ள்ஸ் கெற்றரிங், நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஒரு குளிரூட்டும் பொருளைத் தேடித் தருமாறு தோமஸ் மிஜ்லி என்பவரிடம் கேட்டுக்கொண்டார். 1928ஆம் ஆண்டில் மிஜ்லியும் அவருடன் உழைத்த அல்பேட் ஹென்னி முதலியோரும் அப்பொருளைக் கண்டனர். ஒரு காபன் அணுவைச் சுற்றி இரண்டு குளோரீன் அணுக்களும் இரண்டு புளோரீன் அணுக்களும் அமைந்த சேர்வை அது. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் அது கொதித்து ஆவியாகும். அதற்கு ஆர்-12 என்ற பெயர் பின்னர் நிலைத்தது. பிரியோன் என்ற வியாபாரப் பெயராலும் மக்கள் அதனை அறிந்தனர்.

1930ஆம் ஆண்டு அற்லாண்டா நகரிலே அமெரிக்க இரசாயனச் சங்கம் கூடியிருந்தபோது, மிஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மீது ஊதிக் காட்டினார். வர்த்தி அணைந்தது. உள்ளிழுத்தவருக்குத் தீங்கில்லை, வாயு தீப்பற்றவுமில்லை. ஒரே மூச்சில் இரண்டு உண்மைகளும் மெய்ப்பிக்கப்பட்டன. கூடியிருந்தோர் கண்ட காட்சியிற் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சோதனை ஒரு கேள்வியை மட்டுமே கேட்டது: அருகில் நிற்பவருக்கு இவ்வாயுவினால் ஆபத்து உண்டா? இவ்வாயு காற்றிலே கலந்தபின் எங்கே போகும், எவ்வளவு காலம் இருக்கும், என்ன செய்யும் என்ற கேள்வி அன்று எவர் உள்ளத்திலும் எழவில்லை.

ஆபத்தற்ற வாயு கிடைத்தபின்னரே காருக்குள்ளும் குளிர்சாதனம் வைக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதற்கு முன்னர் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிற் பிரயாணஞ் செய்தோர், நீரும் நார்மெத்தையும் கொண்ட உருளையொன்றைக் கார் ஜன்னலில் மாட்டிச் சென்றனர். காற்று ஈரநாரினூடே புகுந்து சற்றுக் குளிர்ந்து வரும். மண்பானையின் தத்துவமே அங்கும் பயன்பட்டது. வரண்ட காற்றுள்ள இடங்களில் அது உதவும். புழுக்கமான இடங்களில் உதவாது.

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிக்காகோவில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் பக்காட் நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரை முதன்முதலாக மக்களுக்குக் காட்டியது. அதற்கென 274 டொலர் மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. குளிர்ச்சுருள் பின்னாசனத்துக்கும் பின்னால், பொதிகள் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. அதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. கொம்பிரசரை வேண்டியபோது நிறுத்துவதற்கு வழி எதுவும் அதிற் செய்யப்படவில்லை. குளிர் போதுமென்று தோன்றினால், காரை நிறுத்தி, இறங்கி, முன்மூடியைத் திறந்து, பெல்றைக் கழற்றிவிட வேண்டும். கடிலக் கார்களிலும் 1941ஆம் ஆண்டில் இம்முயற்சி செய்யப்பட்டது. பின்னர் யுத்தம் வந்தது. கார் உற்பத்தியே நின்றது.

யுத்தத்தின் பின் 1953ஆம் ஆண்டிலே இம்முயற்சி புத்துயிர் பெற்றது. கிறைஸ்லர் நிறுவனமும் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் அவ்வாண்டிலே தத்தம் உயர்ந்த கார்களிற் குளிர்சாதனத்தை அளித்தன. ஜெனரல் மோட்டோர்ஸ் கார்களில் இயந்திரத் தொகுதி பின்புறத்திலேயே இருந்தது. பின்னாசனத்தின் மேலிருந்து கூரைவரை எழும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக் குழாய்களின் வழியே குளிர்காற்று ஏறி, கூரையின் துவாரங்களால் இறங்கியது. அக்குழாய்கள் வெளியிலிருந்து பார்ப்போருக்கும் நன்கு தெரியும். ஆகவே அவை குளிரைக் கொண்டுசென்றதோடு காருடையவரின் செல்வத்தையும் தெருவுக்கு அறிவித்தன எனலாம்.

அடுத்த ஆண்டு, 1954இல், நாஷ் நிறுவனம் பெரிய மாற்றமொன்றைச் செய்தது. அது கெல்வினேற்றர் என்னும் குளிர்ப்பெட்டி நிறுவனத்தோடு இணைந்த ஒன்று. ஆதலால் குளிரைப் பற்றிய அறிவு அதற்கு வீட்டுச் சொத்தாக இருந்தது. குளிரூட்டும் உறுப்புகள், வெப்பமூட்டும் உறுப்புகள் யாவற்றையும் ஒன்றுசேர்த்துக் காரின் முன்புறத்திலேயே அது அடக்கிவிட்டது. முழுச் சாதனத்தின் நிறை 133 இறாத்தல். விலை 345 டொலர். இன்று நாம் காணும் கார்க் குளிர்சாதனங்கள் யாவும் இவ்வமைப்பின் வழிவந்தவையே. அதன்பின் ஆண்டுதோறும் இவ்வழக்கம் பரவிற்று. 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட புதிய கார்களிற் பாதிக்கு மேற்பட்டவை குளிர்சாதனத்தோடு விற்பனையாயின.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கொம்பிரசர், அதனைச் சுழற்றும் மின்மோட்டாரோடு சேர்த்து ஒரே கூட்டினுள் ஒட்டி மூடப்பட்டது. குழாய்கள் செம்பினாலானவை, பெட்டி அசைவதுமில்லை. ஆகவே பல ஆண்டுகளுக்கு ஒருதுளி வாயுவும் வெளியேறாது. காரின் நிலை அத்தகையதன்று. இயந்திரம் அதிர்கின்றது, ஆகவே குழாய்களில் ஒரு பகுதியேனும் வளையும் றப்பராக இருத்தல் வேண்டும். கொம்பிரசரைப் பெல்ற் சுழற்றுவதால் அதன் தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வருதல் வேண்டும். அத்துளையைக் காப்பது ஒரு சிறு சீல் மட்டுமே. ஓடாது நின்ற காரில் அந்தச் சீல் எண்ணெய் வற்றிக் காய்ந்துவிடும். ஆகவே கார்க் குளிர்சாதனத்துக்குக் கசிவு பிறவிக் குணமாயிற்று.

அக்காலத்துப் பெரிய கார் ஒன்று நான்கு இறாத்தல்வரை வாயுவைக் கொள்ளும். வேனில் தோறும் கராஜுக்குச் சென்று குறைந்த வாயுவை நிரப்புதல் வழக்கமாயிற்று. பழுதுபார்க்கும்போது உள்ளே எஞ்சியிருந்த வாயுவைக் காற்றிலே திறந்துவிடுவதும் வழக்கமாயிற்று. நஞ்சில்லை, நெருப்பில்லை, மணமில்லை, விலையும் மிகக் குறைவு. அப்படிப்பட்ட பொருளைத் திறந்துவிடுவதில் என்ன குற்றம் என்று தொழிலாளர் எண்ணியது வியப்பன்று. அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதும் அதுவே.

குற்றம் இருக்கின்றதென முதலில் அறிந்தவர்கள் மோட்டார்த் தொழிலைச் சேர்ந்தவரல்லர். பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் 1971, 1972ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சிக் கப்பலொன்றிலே தென்துருவப் பகுதிவரை சென்று, தாம் ஆக்கிய நுண்கருவியினாற் காற்றை அளந்தார். ஆர்-12 வாயுவின் உடன்பிறப்பான ஆர்-11, மனித வாசனையே இல்லாத கடற்பரப்பின் மீதும் காணப்பட்டது. அவ்வாறாயின் இவ்வாயுக்கள் அழிவதில்லை, ஒன்றுசேர்கின்றன. அவற்றின் முடிவு என்ன?

இக்கேள்விக்கு 1974ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷேர்வூட் றோலண்டும் மரியோ மொலினாவும் விடை கூறினர். இவ்வாயு எதனோடும் சேராத பொருள். அதுவே அதன் பெருமை. ஆனால் எதனோடும் சேராதபடியால் மழையிற் கரையாது, மண்ணிற் சேராது, நூறாண்டுவரை வளிமண்டலத்திலே நிலைத்திருக்கும். மெல்ல மெல்ல மேலேறிப் படைமண்டலத்தை அடையும். அங்கே சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் அதனை உடைக்க, குளோரீன் அணு விடுபடும். விடுபட்ட ஓரணு தான் அழியாமலே ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. பூமியிலுள்ள உயிர்களை அக்கதிர்களின் கொடுமையிலிருந்து காப்பது அந்த ஓசோன் படலமே. இவ்வாறு, எந்தக் குணத்தினால் அவ்வாயு கீழே ஆபத்தற்றதென்று பெயர் பெற்றதோ, அந்தக் குணமே மேலே அதனை ஆபத்தானதாக்கிற்று.

தொழில் நிறுவனங்கள் இக்கூற்றை முதலில் ஏற்கவில்லை. ஆனால் 1985ஆம் ஆண்டில் ஜோசப் ஃபார்மன், பிரயன் கார்டினர், ஜொனதன் ஷங்க்லின் என்னும் மூவர், தென்துருவத்தின்மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துவிடுவதைத் தமது அளவைகளினால் உலகுக்கு அறிவித்தனர். 1987ஆம் ஆண்டு செப்தெம்பர் 16ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; 1989ஆம் ஆண்டின் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர் கூடிய கூட்டங்களில் அது மேலும் இறுக்கப்பட்டது. செல்வந்த நாடுகள் 1995ஆம் ஆண்டு முடிவோடு இவ்வாயுவின் உற்பத்தியை நிறுத்தின. ஏனைய நாடுகளுக்கு 2010ஆம் ஆண்டுவரை தவணை அளிக்கப்பட்டது. றோலண்டுக்கும் மொலினாவுக்கும், அவர்களோடு போல் குருட்சனுக்கும் 1995ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

கார் நிறுவனங்கள் 1990களின் முற்பகுதியில் ஆர்-134ஏ என்னும் வாயுவுக்கு மாறின. அதில் குளோரீன் இல்லை. ஆதலால் ஓசோனுக்குத் தீங்கில்லை. புதிய கார்கள் புதிய வாயுவுக்கென்றே செய்யப்பட்டன. அவ்வாறாயின் பழைய கார்களின் கதி யாது? பழைய வாயுவை வெளியேற்றிவிட்டுப் புதியதை நிரப்பினால் முடிந்ததே என்று பலர் கருதினர். அங்ஙனஞ் செய்த பல கொம்பிரசர்கள் விரைவில் இறுகி நின்றுபோயின.

காரணம் எண்ணெய். கொம்பிரசருக்குத் தனியான எண்ணெய்க்குழாய் வழி இல்லாத சாதனங்கள் பலவற்றில், வாயுவே எண்ணெயைச் சுமந்து சுற்றிவந்து உறுப்புகளை நனைக்கின்றது. பழைய வாயு தாது எண்ணெயோடு நன்கு கலக்கும். ஆர்-134ஏ அதனோடு கலப்பதில்லை. எண்ணெய் குளிர்ச்சுருளின் அடியிலே தங்கிவிட, கொம்பிரசர் வரண்டு ஓடி அழியும். ஆதலால் பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, புதிய வாயுவுக்கு உகந்த செயற்கை எண்ணெயை ஊற்றுதல் வேண்டும். பழைய காரை மாற்றும்போது எஸ்தர் வகை எண்ணெயையே பலர் விரும்புவர். எஞ்சிய பழைய எண்ணெயை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது ஈரம். குழாய்களுக்குள் நீராவி எஞ்சியிருந்தால் அது வால்விற் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும்; வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இதனைத் தடுக்க, ஈரம் உறிஞ்சும் மணிகள் அடங்கிய டிரையர் என்ற உருளை வழியிலே வைக்கப்பட்டுள்ளது. பழைய டிரையரின் மணிகள் புதிய வாயுவுக்கு ஏற்றவையல்ல. ஆகவே உருளையையும் மாற்றுதல் வேண்டும். பின்னர் பம்பியினால் உள்ளிருக்கும் காற்று முழுவதையும் இழுத்து வெற்றிடமாக்கி, அவ்வெற்றிடம் குறையாது நிற்கின்றதா என்று பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும். இந்தப் பொறுமையே நல்ல தொழிலாளிக்கு அடையாளம்.

மூன்றாவது அமுக்கம். பூச்சியப் பாகையில் இரு வாயுக்களின் அமுக்கமும் ஏறத்தாழ ஒன்றே. புதியது சற்றுக் குறைவு. ஆனால் 60 பாகையிலே புதிய வாயுவின் அமுக்கம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடுதலாகிவிடும். ஆகவே வெயில் கொளுத்தும் நாளிற் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரின் பழைய கண்டென்சர் திணறும். பெரிய கண்டென்சரோ வலிய விசிறியோ அங்கே தேவைப்படும். புதிய வாயுவைப் பழைய அளவுக்கே நிரப்புதலும் பிழை. நிறையில் நூற்றுக்கு 80 முதல் 90 வரையே போதும். 1960களின் பிற்பகுதியில் வந்த ஜெனரல் மோட்டோர்ஸ் கார்கள் பலவற்றில் குளிர்ச்சுருள் உறைந்துபோகாதவாறு அமுக்கத்தைக் காக்கும் வால்வு ஒன்றுண்டு. அது பழைய வாயுவுக்கென அளவிடப்பட்டது. அதனையும் சிறிது குறைத்துத் திருத்தினாலன்றிக் குளிர் நிறையாது. றப்பர் வளையங்கள், குழாய்கள், நிரப்பும் வாய்கள் என்பனவும் மாற்றப்பட வேண்டியவையே. நிரப்பும் வாயை வேறு வடிவத்திற் செய்ததன் நோக்கம், பின்னர் வருபவர் அறியாமையால் இரு வாயுக்களையும் கலந்துவிடாமற் காப்பதாகும்.

இவ்வளவு செய்வதிலும் பார்க்கப் பழைய வாயுவையே மீண்டும் நிரப்பினால் என்ன என்று காரின் பழைமையைப் போற்றுவோர் கேட்பர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. உரிய வாயுவோடு அச்சாதனம் நன்றாகவே குளிரும். வேறு உறுப்பு எதனையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய சாதனங்களிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கப்பட்ட வாயுவை அமெரிக்காவிலே பயிற்சிச் சான்றிதழ் பெற்றோர் இன்றும் பயன்படுத்தலாம். ஆனால் கசிவை அடைக்காமல் அதனை நிரப்புதல் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும். வார்த்த நீர் இங்கே வானத்துக்குப் போகின்றது. வேறு சிலர் புரொப்பேன் முதலிய எரிவாயுக்களை நிரப்புவர். அவை நன்கு குளிரூட்டும். பழைய எண்ணெயோடும் கலக்கும். எனினும் ஆசனங்களுக்கு அருகேயுள்ள சுருளிலே கசிவு ஏற்படின் தீவிபத்துக்கு இடமுண்டு. ஆர்-12 இருந்த கார்களில் அவற்றை நிரப்புவதை அமெரிக்கச் சட்டம் தடுத்துள்ளது. மிஜ்லி நீக்க முயன்ற பழைய ஆபத்தையே மீண்டும் அழைப்பதாக அது முடியும்.

எந்த வழியைத் தெரிந்தாலும் முதற்கடமை ஒன்றே. எஞ்சியுள்ள பழைய வாயுவைக் காற்றில் விடாது, இயந்திரத்தின் துணையால் உருளையிலே திருப்பிச் சேர்த்தல் வேண்டும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு முதல் அதனை வேண்டுமென்று வெளியே விடுதல் சட்டவிரோதமாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரு திருகாணியைத் தளர்த்துவதோடு முடிந்த வேலை, இன்று ஒரு கடமையாகிவிட்டது.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மொன்றியல் உடன்படிக்கையில் இந்நாடு 1989ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இணைந்தது. உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் 2001ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்திலே கொழும்பு மாநகரில் நடைபெற்றது. இன்று உலகிலுள்ள எல்லா நாடுகளும் அதனை ஏற்றுள்ளன. ஓசோன் படலமும் மெல்லத் தேறி வருகின்றது. உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தின்மேல் 2066ஆம் ஆண்டளவிலும் அது 1980ஆம் ஆண்டின் நிலையை அடையுமென 2022ஆம் ஆண்டின் விஞ்ஞான மதிப்பீடு கூறுகின்றது.

ஆயினும் கதை முடியவில்லை. ஓசோனுக்குத் தீங்கற்ற ஆர்-134ஏ, பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைப்பதிற் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. ஆகவே 2016ஆம் ஆண்டு கிகாலி நகரிலே அதனையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இணங்கின. புதிய கார்களில் வேறொரு வாயு இடம்பெற்று வருகின்றது. பழைய காரைப் புதிய வாயுவுக்கு மாற்றியவர், அப்புதிய வாயுவும் பழையதாகிவிட்டதைக் காண்கின்றார்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வாயுவை மாற்றுவதனால் மட்டும் மனிதர் தம் கடனிலிருந்து விடுபடுவதில்லை. எந்த வாயுவாயினும் அது சாதனத்துக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அற்லாண்டாவிலே மெழுகுவர்த்தியை அணைத்த அந்த மூச்சு அருகிருந்தோருக்கு எத்தீங்கும் செய்யவில்லை. ஆனால் அதனோடு போன வாயுவில் ஒரு பகுதி இன்றுவரை வானத்திலே நிலைத்திருக்கக் கூடும். பழைய காரின் அடியிலே படுத்து, தேய்ந்த சீல் ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் தொழிலாளி தன் காருக்கு மட்டும் குளிர் தேடவில்லை. அன்று கேட்கப்படாமற் போன கேள்விக்குத் தன் கையாலே விடை எழுதுகின்றான்.